பெயரை மறைத்துச் சுவைத்த ஒயின்: ஒரு ஷார்டனேயின் பயணம்

ஷார்டனே திராட்சைக்குத் தனக்கென்று பெரிய மணம் கிடையாது. மஸ்கட் திராட்சையை மூக்கருகே கொண்டுபோனாலே அது இன்னதென்று தெரிந்துவிடும். ஷார்டனே அப்படியல்ல. கொடியிலிருந்து பறித்து வாயில் போட்டால் இனிப்பு, புளிப்பு, லேசான ஆப்பிள் வாடை, அவ்வளவுதான். ஆனாலும் உலகில் மிக உயர்வாக மதிக்கப்படும் வெள்ளை ஒயின்களில் பல இந்தத் திராட்சையிலிருந்துதான் பிறக்கின்றன. வழியில் சந்திப்பதையெல்லாம் உள்வாங்கிக்கொள்வது அதன் குணம். விளைந்த மண், பறித்த நாள், நொதித்த கலம், தங்கிய மரம், காத்திருந்த காலம் என்று எல்லாமே அதில் தடம் பதிக்கும். ஓக் பீப்பாயில் பக்குவப்பட்ட ஒரு ஷார்டனேயை மதிப்பிடுவது என்றால் இந்தத் தடங்களைப் படிப்பதுதான். அதைக் கற்றுக்கொள்ள, வந்த வழி நன்றாகத் தெரிந்த ஒயின் ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது. கலிபோர்னியாவின் ஷாட்டோ மான்டெலீனா 1973-ல் செய்த ஷார்டனே அப்படிப்பட்டது.

முதலில் திராட்சையின் பிறப்பு. ஷார்டனேயின் பெற்றோர் யார் என்பதை 1999-ல் வெளியான மரபணு ஆய்வு உறுதிசெய்தது. ஒருபக்கம் பர்கண்டியின் பெருமைக்குரிய பீனோ. மறுபக்கம் கூவே பிளாங். உழவர்கள் தங்கள் அன்றாடத் தேவைக்கு வளர்த்த அந்த மட்டமான திராட்சையைத் தோட்டங்களிலிருந்து பிடுங்கி எறியச் சொன்ன காலங்களும் உண்டு. கிழக்கு பிரான்ஸில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தபோது தானாக நிகழ்ந்த கலப்பில் ஷார்டனே பிறந்தது. குலப்பெருமை பேசும் பர்கண்டி வெள்ளை ஒயின்களுக்கெல்லாம் பாதி வேர் ஓர் ஏழைத் திராட்சையில் இருக்கிறது. இந்தச் செய்தி நம் கதைக்குப் பொருத்தமானது, ஏனென்றால் பிறப்பைப் பார்த்துத் தரத்தைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையைத்தான் 1973-ன் இந்த ஒயின் அசைத்துப் பார்த்தது.

1912-ல் பிரான்ஸின் மோன்பெலியே நகரிலிருந்து வென்ட்டே குடும்பம் ஷார்டனே குச்சிகளைக் கலிபோர்னியாவுக்கு வரவழைத்தது. அவை பெருகிப் பல தோட்டங்களுக்குப் போயின. ஆனாலும் 1960-கள் வரை அங்கே ஷார்டனே அரிய பயிராகவே இருந்தது. அதை நட்டவர்களில் ஒரு குடும்பம் சொனோமா மாவட்டத்தில் ஹீல்ட்ஸ்பர்க் அருகே ரஷ்யன் ஆற்றுப் பக்கம் தோட்டம் வைத்திருந்த பாச்சிகலூபி குடும்பம். பசிபிக் கடலில் எழும் மூடுபனி இரவில் அந்த ஆற்றின் வழியாக உள்ளே நுழைந்து பள்ளத்தாக்கை நிறைக்கும். காலை வெயில் ஏற ஏறக் கலைந்துபோகும். பகல் வெப்பம் பழத்தில் சர்க்கரையை ஏற்றும், இரவுக் குளிர் புளிப்பைக் கரையவிடாமல் காக்கும். வெள்ளை ஒயினுக்குப் புளிப்புதான் முதுகெலும்பு. அது போய்விட்டால் பிறகு எந்தப் பீப்பாயும் அதைத் தூக்கி நிறுத்தாது.

1973 அறுவடையில் பாச்சிகலூபி தோட்டத்துப் பழமும், அதே மாவட்டத்து அலெக்சாண்டர் பள்ளத்தாக்கின் பழமும், நாபாவில் விளைந்த கொஞ்சமும் காலிஸ்டோகா ஊரில் இருந்த மான்டெலீனா ஒயின் ஆலைக்கு வந்து சேர்ந்தன. பழம் எடைபோட்டு வாங்கிய சீட்டுகளைப் பாச்சிகலூபி குடும்பம் பத்திரமாக வைத்திருந்தது. பாட்டிலின் சீட்டில் 'நாபா, அலெக்சாண்டர் பள்ளத்தாக்குகள்' என்றுதான் அச்சிட்டார்கள். 1976-ல் பாரிஸில் நடந்த போட்டிக்குப் பிறகு நாபாவின் வெற்றி என்று உலகம் பேசிய இந்த ஒயினில் பெரும்பங்கு பக்கத்து மாவட்டமான சொனோமாவின் பழம்.

செயின்ட் ஹெலினா மலையடிவாரத்தில் இருக்கும் மான்டெலீனா ஆலையை 1882-ல் நிறுவியவர் ஆல்ஃபிரட் டப்ஸ் என்ற தொழிலதிபர். அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தபோது அதன் தொழில் முடங்கியது. 1958-ல் அதை வாங்கிய ஃபிராங்க் என்ற சீனத் தம்பதி அங்கே ஏரி வெட்டித் தோட்டம் அமைத்தார்கள். ஜேட் ஏரி என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. பிறகு ஜிம் பேரட் என்ற வழக்கறிஞர் கூட்டாளிகளுடன் சேர்ந்து ஆலையை மீட்டெடுத்தார். 1972-ல் மீண்டும் ஒயின் தயாரானது. ஆக, 1973 ஷார்டனே அந்த மறுபிறப்பின் இரண்டாவது அறுவடை. வயதான மரபு எதுவும் அதற்குப் பின்னால் இல்லை.

ஆனால் ஒரு கைத்திறன் இருந்தது. ஒயினை உருவாக்கியவர் மைக் கெர்கிச். 1923-ல் குரோஷியாவின் தெஸ்னே என்ற கிராமத்தில் திராட்சை உழவர் குடும்பத்தில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். ஸாக்ரெபில் படித்து, 1954-ல் கம்யூனிஸ்ட் யுகோஸ்லாவியாவை விட்டு வெளியேறி, ஜெர்மனி, கனடா வழியாக 1958-ல் நாபாவுக்கு வந்து சேர்ந்தார். பியூலியூ ஆலையில் ஆந்த்ரே செலிஸ்செஃப் என்ற பெரிய ஆசானிடம் வேலை பார்த்தார், பிறகு ராபர்ட் மொண்டாவியிடம். சுத்தம், குளிர்ச்சி, பொறுமை மூன்றையும் அங்கே கற்றுக்கொண்டுதான் மான்டெலீனாவுக்கு வந்தார்.

பழத்தோடு சேர இன்னொரு பயணியும் வரவேண்டியிருந்தது. அதுதான் மரம். அதன் கதை திராட்சையின் கதையைவிட நீளமானது. பிரான்ஸின் நடுவே அல்லியே மாவட்டத்தில் திரான்ஸே என்ற ஓக் காடு இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பெர், போர்க்கப்பல் கட்ட மரம் வேண்டும் என்று அந்தக் காட்டை ஒழுங்குபடுத்தினார். மரங்கள் நெருக்கி வளர்ந்ததால் வெளிச்சம் தேடி நேராக மேலே போயின, மெல்ல மெல்லப் பருத்தன. அதனால் மரத்தின் இழை நெருக்கமானது. இரும்புக் கப்பல்கள் வந்தபோது கப்பல்துறைக்கு அந்த மரங்கள் வேண்டாமல் போயின, ஒயின்காரர்களுக்கு வாய்த்தன. லிமூசான் பகுதியின் ஓக் வேறு மாதிரி. இடைவெளி விட்டு வேகமாக வளர்ந்த மரம், இழை அகலம், துவர்ப்பு அதிகம். அது பெரும்பாலும் கொன்யாக் பிராந்திக்குப் போகிறது.

பீப்பாய்க்கு வெட்டப்படும் மரங்கள் பொதுவாக நூறு வருஷத்துக்கு மேல் வயதானவை. பிரெஞ்சு ஓக்கை ரம்பத்தால் இஷ்டத்துக்கு அறுக்க முடியாது. அறுத்தால் இழை வழியே ஒயின் கசியும். இழை ஓடும் போக்கிலேயே பிளக்க வேண்டும், அதனால் நிறைய மரம் வீணாகும். அமெரிக்க வெள்ளை ஓக்கின் நுண்குழாய்கள் இயற்கையாகவே அடைபட்டவை என்பதால் அதை அறுக்கலாம், விலையும் குறைகிறது. பிளந்த பலகைகளைத் திறந்தவெளியில் அடுக்கி இரண்டு மூன்று வருஷம் மழைக்கும் வெயிலுக்கும் விட்டுவிடுவார்கள். பச்சை மரத்தின் கடும் துவர்ப்பு அதில் கழுவிப்போகும். பிறகு பீப்பாய்த் தச்சர் பலகைகளை இரும்பு வளையத்துக்குள் வட்டமாக நிறுத்தி, நடுவே ஓக் சிராய்களால் சின்ன நெருப்பு மூட்டுவார். சூட்டில் பலகை வளைந்து கொடுக்கும். வளைத்து முடித்த பிறகும் நெருப்பை உடனே அணைப்பதில்லை. உட்புறத்தை வாட்ட வேண்டும். லேசாகவா, நடுத்தரமாகவா, நன்றாகவா என்பதை ஒயின்காரர் சொல்லி வாங்குவார்.

அந்த வாட்டத்தில்தான் மணம் பிறக்கிறது. மரத்தின் லிக்னின் சூட்டில் உடைந்து வனிலின் ஆகிறது. வனிலா நெற்றில் இருக்கும் அதே பொருள். மரத்திலுள்ள சர்க்கரைகள் வெந்து காரமல், வறுத்த பாதாம் வாடையைத் தருகின்றன. இன்னும் வாட்டினால் புகை மணம் ஏறும். கிராம்பு எண்ணெயின் முக்கியப் பொருளான யூஜினால் ஓக்கிலும் உண்டு. ஓக்கின் லாக்டோன் தேங்காய் வாசம் வீசும். அமெரிக்க ஓக்கில் அது தூக்கல், பிரெஞ்சு ஓக்கில் அடக்கம். நல்ல ஓக் ஷார்டனேயில் கிராம்பும் தேங்காயும் தெரிகிறது என்று யாராவது சொன்னால் அதைக் கற்பனை என்று ஒதுக்க வேண்டாம். அந்தப் பொருள்கள் ஒயினில் உண்மையாகவே கரைந்திருக்கின்றன.

இந்தப் பீப்பாயைக் கலிபோர்னிய ஷார்டனேயோடு சேர்த்துவைத்தது ஹான்ஸெல் என்ற சிறிய ஆலை. பர்கண்டி ஒயினில் மயங்கிய ஜேம்ஸ் ஸெல்லர்பாக் சொனோமாவில் அதைக் கட்டி, 1957 முதல் பிரெஞ்சு ஓக் பீப்பாய்களில் ஒயினைப் பக்குவப்படுத்தினார். ஒயினின் பர்கண்டிச் சாயலுக்கு மண் மட்டுமல்ல, மரமும் காரணம் என்பது மற்றவர்களுக்கும் புரியத் தொடங்கியது. 1970-களில் நாபாவின் லட்சிய ஆலைகள் எல்லாம் பிரெஞ்சுப் பீப்பாய்களை வரவழைத்தன.

கெர்கிச் தன் ஷார்டனேயைக் குளிரூட்டிய எஃகுத் தொட்டியில் மெதுவாக நொதிக்கவிட்டார். வேகமாக நொதித்தால் சூடு ஏறிப் பழத்தின் மென்மையான மணம் ஆவியாகிவிடும். அடுத்து ஒரு முக்கியமான முடிவு. நொதித்த ஒயினில் பாக்டீரியாக்கள் இரண்டாவது மாற்றம் ஒன்றைச் செய்யும். பச்சை ஆப்பிளின் கூர்மையான மாலிக் அமிலத்தைப் பாலில் உள்ள மெல்லிய லாக்டிக் அமிலமாக்கும். அப்போது டயாசிட்டில் என்ற பொருள் உண்டாகி ஒயினில் வெண்ணெய் வாசம் வரும். பர்கண்டியில் இது வழக்கம். கெர்கிச் அதை நடக்கவிடவில்லை. பழத்தின் புளிப்பு அப்படியே நிற்கட்டும் என்று விட்டுவிட்டுப் பிரெஞ்சு ஓக் பீப்பாய்களில் ஒயினை இறக்கினார்.

பீப்பாய் மணம் மட்டும் தருவதில்லை. மரத்தின் வழியே மிக நுண்ணிய அளவில் காற்று உள்ளே போகிறது. ஒயினின் முரட்டு விளிம்புகள் அதில் மழுங்குகின்றன, நிறம் வைக்கோல் வெளிறலிலிருந்து பொன்னுக்கு நகர்கிறது. கொஞ்சம் ஒயின் ஆவியாகிப் போவதால் அவ்வப்போது ஊற்றி விளிம்புவரை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நிரப்ப மறந்தால் மிஞ்சிய இடத்தில் காற்று புகுந்து ஒயினைக் கெடுத்துவிடும். பீப்பாய் வேலையின் பெரும்பகுதி இந்த அலுப்பான கவனம்தான்.

1976 வசந்தத்தில் பாரிஸிலிருந்து ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி கலிபோர்னியாவுக்கு வந்தார். பாரிஸில் மதலேன் சதுக்கத்துக்கு அருகே கடையும், பாட்ரிஷியா காலகர் என்ற அமெரிக்கப் பெண்ணோடு சேர்ந்து ஒயின் பள்ளியும் நடத்திவந்தார். அமெரிக்க விடுதலையின் இருநூறாவது ஆண்டை ஒட்டிக் கலிபோர்னிய ஒயின்களைப் பிரெஞ்சு வல்லுநர்களுக்கு அறிமுகப்படுத்துவது அவர் திட்டம். வாங்கிய பாட்டில்களை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் சிக்கல். அந்தச் சமயம் ஆந்த்ரே செலிஸ்செஃப் தலைமையில் கலிபோர்னிய ஒயின்காரர்களின் குழு ஒன்று பிரான்ஸுக்குச் சுற்றுலா கிளம்பியது. ஜிம் பேரட்டும் அதில் இருந்தார். அவர்களுடைய பயணச் சாமான்களோடு பாட்டில்கள் பாரிஸுக்குப் பறந்தன. ஒன்று உடைந்தது, மற்றவை பத்திரமாகச் சேர்ந்தன. கெர்கிச்சின் குருவே தம் சீடரின் ஒயினுக்குத் துணையாகப் போனது இந்தப் பயணத்தின் அழகான இடம்.

1976 மே 24. பாரிஸின் இன்டர்கான்டினென்டல் ஹோட்டல். மேசைக்குப் பின்னால் ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள். பர்கண்டியின் ரொமானே-கோந்தி ஒயின் தோட்டத்தின் ஓபேர் த வில்லேன், கிரான் வெஃபூர் உணவகத்தின் ரேமோன் ஒலிவியே, ஒயின் இதழாசிரியர் ஒதெத் கான், தூர் தார்ஜான் உணவகத்தின் ஒயின் பொறுப்பாளர் கிறிஸ்தியான் வனெக்கே என்று எல்லாரும் தொழிலில் உச்சத்தில் இருந்தவர்கள். ஆறு கலிபோர்னிய ஷார்டனேக்களோடு நான்கு பர்கண்டி வெள்ளை ஒயின்களையும் சேர்த்து, அடையாளம் தெரியாத பாட்டில்களில் பரிமாறினார்கள். எது எந்த ஊர் என்று எந்த நடுவருக்கும் தெரியாது. கண், மூக்கு, வாய், ஒத்திசைவு என்ற நான்கு தலைப்புகளைப் பார்த்து 20-க்கு மதிப்பெண் போட வேண்டும்.

இந்த நான்கு தலைப்புகளும் பயணத்தின் நான்கு கட்டங்களைத் தொடுகின்றன. கண் பார்ப்பது காலத்தை. இளம் ஷார்டனே வெளிறிய வைக்கோல் நிறம், ஓரத்தில் பச்சைச் சாயல். பீப்பாயும் வயதும் சேரச் சேரப் பொன் ஏறும். பழுப்பு தட்டினால் காற்று வேலையைக் காட்டிவிட்டது. மூக்கு பார்ப்பது மரத்தையும் பாதாள அறையையும். கிளாஸைச் சுழற்றுவதற்கு முன் ஒருமுறை முகர வேண்டும், சுழற்றிய பின் ஒருமுறை. முதல் முகர்வில் பழம் வருகிறதா, மரம் வருகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். வனிலாவும் வறுத்த வாசமும் முந்திக்கொண்டு பழத்தைப் பின்னால் தேடவேண்டியதாக இருந்தால் பீப்பாய் அதிகம். வெண்ணெய் வந்தால் இரண்டாவது மாற்றம் நடந்திருக்கிறது. ரொட்டி மாவு வாசம் வந்தால் ஒயின் ஈஸ்ட் வண்டலோடு நாள்பட இருந்திருக்கிறது. மிகவும் குளிரவைத்தால் இவை எதுவும் தெரியாது, 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் போதும்.

வாய் பார்ப்பது தோட்டத்தை. நாக்கின் ஓரங்களில் புளிப்பு எவ்வளவு கூர்மை, நடுவில் எவ்வளவு கனம், ஈறுகளில் மரத்தின் துவர்ப்பு பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். விழுங்கிய பிறகோ துப்பிய பிறகோ சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும், நிற்பது பழமா மரமா என்பதும் அடுத்த கேள்வி. மரத்தின் கசப்பு மட்டும் மிஞ்சினால் பழத்தில் பலம் போதவில்லை. நான்காவது தலைப்பான ஒத்திசைவுதான் மிகக் கடினம். கச்சேரியில் தம்பூரா போல ஓக் பின்னால் நின்று சுருதி பிடிக்க வேண்டும். பாட்டைக் கேட்கிறவருக்கு அது தனியாகக் காதில் விழக்கூடாது, ஆனால் நின்றுவிட்டால் குறை தெரிய வேண்டும்.

அன்று நடுவர்கள் தடுமாறினார்கள். அங்கே இருந்த ஒரே பத்திரிகையாளரான டைம் இதழின் ஜார்ஜ் டேபர் அதைப் பதிவு செய்திருக்கிறார். நாபாவின் 1972 ஷார்டனே ஒன்றைக் குடித்த ஒலிவியே, பிரான்ஸுக்குத் திரும்பிவிட்டோம் என்று மகிழ்ந்தார். பர்கண்டியின் உயர்ந்த பாத்தார்-மோந்த்ராஷேயைக் குடித்த இன்னொருவர், இது நிச்சயம் கலிபோர்னியாதான், மணமே இல்லை என்றார். மதிப்பெண்களைக் கூட்டியபோது ஷாட்டோ மான்டெலீனா 1973 முதலிடம். 180-க்கு 132. பர்கண்டியைச் சேர்ந்த ரூலோவின் மெர்சோ ஷார்ம் 126.5 பெற்று இரண்டாவது. சலோன் என்ற இன்னொரு கலிபோர்னிய ஒயின் 121 பெற்று மூன்றாவது. ஒதெத் கான் தன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டார், ஸ்பரியர் கொடுக்கவில்லை.

இதை வைத்துக் கலிபோர்னியா பிரான்ஸை வீழ்த்தியது என்று எழுதியவர்கள் பலர். அந்தப் பட்டியலின் கடைசி இரண்டு இடங்களிலும் இருந்தவை கலிபோர்னிய ஒயின்கள்தான். பத்தாவது வந்தது பெற்ற மதிப்பெண் 42. ஆகவே அன்று ஜெயித்தது ஒரு நாடு அல்ல. எனக்கு அந்த முடிவில் முக்கியமாகப் படுவது வேறு. அந்த மேசையில் பர்கண்டிக் கிளாஸிலும் கலிபோர்னியக் கிளாஸிலும் பிரெஞ்சு ஓக் இருந்தது. தேர்ந்த மூக்குகள் 'நம் ஊர்' என்று அடையாளம் கண்டதில் ஒரு பங்கு, கடல் கடந்து போய்த் திரும்பி வந்த தங்கள் காட்டு மரமாகவே இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். மண்ணின் குரல் என்று நாம் நினைப்பதில் கைவேலை எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை அந்தப் பிற்பகல் காட்டியது.

1976 ஜூன் 7 தேதியிட்ட டைம் இதழில் டேபரின் சிறு கட்டுரை வந்தது. அந்த ஒயினைத் தேடி அமெரிக்கக் கடைகளில் ஆட்கள் குவிந்தார்கள். கெர்கிச் 1977-ல் சொந்த ஆலை தொடங்கினார், 2023 டிசம்பரில் தமது நூறாவது வயதில் காலமானார். 1973 பாட்டில் ஒன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனது. 1986-ல் அதே போட்டியை மறுபடி நடத்தியபோது, 1976-ல் வெள்ளையோடு சேர்த்துச் சுவைத்த சிவப்பு ஒயின்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வெள்ளை ஒயின்கள் தங்கள் பருவத்தைக் கடந்துவிட்டன என்று கருதப்பட்டது. ஒயினுக்கும் ஆயுள் உண்டு.

அந்த வெற்றியின் பாடத்தைப் பலர் தப்பாகப் படித்தார்கள். ஓக் இருந்தால் உயர்வு, அதிகம் இருந்தால் மிக உயர்வு என்று 1980-களிலும் 1990-களிலும் வெண்ணெயும் வனிலாவும் வழியும் ஷார்டனேக்கள் குவிந்தன. பீப்பாய் விலை கட்டுப்படியாகாதவர்கள் ஓக் சில்லுகளை எஃகுத் தொட்டியில் ஊறவைத்தார்கள். சில்லு மணத்தைத் தரும், பீப்பாயின் மெல்லிய மூச்சையும் மாதக்கணக்கான பொறுமையையும் தராது. சலித்துப்போன குடிப்பவர்கள் ஷார்டனேயே வேண்டாம் என்று ஒதுக்கத் தொடங்கினார்கள். மான்டெலீனாவோ கெர்கிச் காலத்து வழியில், புளிப்பைக் காத்து, மரத்தைப் பின்னால் நிறுத்தியே தொடர்ந்து செய்துவருகிறது. வழி தெரியாமல் விளைவை மட்டும் நகலெடுத்தவர்களுக்கும் வழியைக் காத்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் அது.

ஓக் பீப்பாயில் வளர்ந்த ஒரு ஷார்டனே உங்கள் முன்னால் வந்தால் முதலில் பாட்டிலைத் துணியால் மூடிவிடுங்கள். பழம் முதலில் வருகிறதா, புளிப்பு கடைசிவரை நிற்கிறதா, மரம் உதவிக்கு நிற்கிறதா உத்தரவு போடுகிறதா என்று மட்டும் கேளுங்கள். உங்கள் விடையைத் தாளில் எழுதிய பிறகு துணியை எடுங்கள். ஊரும் விலையும் குலமும் அதற்கு அப்புறம் பேசட்டும். கூவே பிளாங்கின் பிள்ளைக்கு, அகதியாகக் கிளம்பி வந்த ஒரு தொழிலாளியின் கைக்கு, பெயரில்லாத ஒரு பள்ளத்தாக்குக்கு அன்று பாரிஸில் நியாயம் கிடைத்தது, சுவை முதலில், பெயர் பிறகு என்ற அந்த வரிசையால்தான்.